டிம்பர் கேட்டவர்கள்

எங்கள் அபார்ட்மெண்டில் கரண்ட் போனால் போதும், யார் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். நான்காம் மாடி டில்லிக்காரர் வாட்ஸ்அப் குழுவில் 'லைட் போய்விட்டதா?' என்று கேட்பார். கொல்கத்தாக்காரம்மா 'லோட்ஷெடிங்' என்பார். சிறுசுகள் 'பவர் கட்' என்று எழுதும். 'கரண்ட் போச்சு' என்று எழுதுகிறவள் நான் ஒருத்திதான். போனது ஒன்று, பேர் நாலு. காய்கறிக் கடையில் நான் 'ஒரு கவர் கொடுப்பா' என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் வடக்கத்திப் பெண் இந்த அம்மாள் தபால் போடப் போகிறாள் போல என்று பார்க்கிறாள்.

என் வயசுக்காரர்களுக்கு இது புதுசில்லை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மர்பி டவுனில் பாவாடை சட்டையோடு திரிந்த நம் எல்லாருக்கும் இங்கிலீஷ் என்பது பேசுகிற பாஷையாக வந்து சேரவில்லை. ஆளை எடை போடுகிற தராசாகத்தான் வந்து சேர்ந்தது. தமிழ் வீட்டில், கன்னடம் பஸ்ஸில், உருது கசாப்புக் கடையில் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் உருண்ட இங்கிலீஷ் வார்த்தைகள்தான் சண்டை மூட்டின.

மதராஸிலிருந்து கல்யாணமாகி வந்த என் அம்மாவைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா தலையைப் படிய வாரிக்கொண்டு 'சைட்டு பாக்கப் போறேன்' என்று கிளம்புவாராம். மதராஸில் சைட் என்றால் அது பெண்களைப் பார்க்கிற வேலை. பெங்களூரில் சைட்டு என்றால் வீட்டு மனை. இது தெரியாமல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்து, ஒரு ஞாயிறு அப்பாவுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே போயிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அப்பா ஒரு பொட்டலில், நட்டுவைத்த கல்லைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாராம். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மா இன்றுவரை அந்தக் கல்லை முழுசாக நம்பவில்லை.

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொன்னேன். அந்தச் சொத்து எனக்கும் வந்திருக்கிறது. ஆனாலும் நான் சொல்லப்போகும் அந்தக் கோடைக்காலத்தில், எங்கள் வீட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. வட்டாரமே சந்தேகத்தில் வெந்துகொண்டிருந்தது.

வட்டாரம் என்றால் நமக்குத் தெரியும், சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவைப் பார்த்து ஒரே ஒரு இரும்புக் கேட். உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய், ஒரு துவைகல், ஒரு சீத்தாமரம். யார் வீட்டில் என்ன தாளித்தாலும் எல்லார் மூக்குக்கும் பங்கு உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் ஓனர் உட்கார்ந்திருப்பார்.

ஓனருக்கு ஒரு பேர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. பட்டாளத்து ஆபீசர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளைகள் எங்கேயோ கடல் தாண்டி. மெஸ்ஸில் போட்ட வெள்ளைக் கோட்டை வீட்டிலும் விடவில்லை. பித்தளைப் பொத்தான், நிமிர்ந்த காலர், உள்ளே கனத்த லைனிங் துணி. கோட்டு காலப்போக்கில் மஞ்சளாகி, புகையிலையும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை அடிக்கும். மே மாத வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தால், தெரியாதவர்கள் வாட்ச்மேன் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைத்துப் பேசிய ஒரு கூரியர்க்காரனை அவர் இங்கிலீஷிலேயே விரட்டியது எங்கள் தெருவில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது.

அவர் இங்கிலீஷ் சாப்பாட்டு மேஜையில் கற்றது. ராச்சாப்பாடு அவருக்கு சப்பர். பாயசம் புட்டிங். குழம்பு எதுவானாலும் கிரேவி. வீடு கேட்டு வருகிறவர்களை நிற்கவைத்து ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவார். "இதுக்கு என்னா பேர் மேன், இங்கிலீஷ்ல?" அப்பா வீடு கேட்டு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் கை துடைக்கிற துணியைக் காட்டினாராம். அப்பா 'டவல்' என்றிருக்கிறார். 'நாப்கின்' என்று திருத்திவிட்டு, பரவாயில்லை என்று சாவியைக் கொடுத்திருக்கிறார்.

அவருடைய கொள்கை இதுதான்: "தமிழ்ல எவனும் பொய் சொல்லுவான் மேன். ஊரை மாத்தி, சாதியை மாத்தி, என்ன வேணா சொல்லுவான். இங்கிலீஷ்ல முடியாது. எந்த ஊர்ல கத்துக்கிட்டானோ அந்த ஊர் வாய்ல வந்துரும்."

நினைத்துப் பார்த்தால் அது சரியான கொள்கைதான். அதனால்தான் அத்தனையும் கெட்டுப்போனது.

ஏப்ரல் கடைசியில் ஒரு குடும்பம் மூலை வீட்டுக்கு வந்தது. புருஷன், பெண்டாட்டி, என் வயசில் ஒரு பெண். புருஷனுக்குப் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. ஓனர் அவர் முன்னால் டார்ச்சைத் தூக்கிக் காட்டினார். மதராஸ்காரன் டார்ச் என்பான், கிராமத்தான் பேட்டரி லைட்டு என்பான். இந்த மனிதர் சொன்னது, "லேம்ப்பு சார்."

ஓனரின் புருவம் ஏறியது. "எந்த ஊரு மேன்?"

"வேலூர் பக்கம் சார்."

"வேலூரா?" என்று டார்ச்சை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மூலை வீடு மழைக்கு ஒழுகும். யாரும் வருவதில்லை.

மறுநாள் காலை குழாயடியில் அந்த அம்மா என் அம்மாவிடம் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, இங்க டிம்பர் எங்க கெடைக்கும்?"

"டிம்பரா? வீடு கட்டப் போறீங்களா?"

"இல்லக்கா, அடுப்புக்கு."

விறகைத்தான் கேட்கிறார் என்று புரிய அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் பக்கம் அதற்கு சௌதெ என்று கன்னடப் பேர்தான் ஓடும். சௌதெ மண்டிக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு, அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு மற்றப் பெண்களிடம் சொன்னாள்: "எங்க அத்தை வேலூர்லதான் இருக்கு. நான் சின்னப் புள்ளையா அங்க போய் மாசக்கணக்கா இருந்திருக்கேன். வெறகுன்னு சொல்லுவாங்க. எந்த வேலூர்க்காரி டிம்பர்ங்கறா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பிறகு அந்த அம்மா வாயைத் திறந்தால் குழாயடியில் சத்தம் அடங்கிவிடும். எல்லாரும் தண்ணீர் பிடிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். தெருவை லைன் என்றார்: "பால்காரரு பக்கத்து லைனுக்கு வந்துட்டாரா?" ஒரு நாள் மெயின் ரோட்டில் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போனபோது, பிசைந்த மாவுக் கையோடு கேட்டுவரை ஓடிவந்து, "பிளாஸ்ட்டா? பிளாஸ்ட்டா?" என்று கேட்டார். முகம் வெளுத்திருந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அக்கா என் அம்மாவின் காதில், "சைரன் சத்தம் கேட்டா எதுக்கு இப்டி ஓடியாறா? போலீஸ்னு நெனச்சிட்டாளா?" என்றார். அம்மா கண்ணாலேயே ஆமாம் என்றாள்.

நாங்கள் பிள்ளைகள் இந்தச் சந்தேகத்தில் சேரவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணிடம் புதுசாக ஒரு விளையாட்டு இருந்தது, அதனால்தான்.

'கேட்' என்று அதற்குப் பேர். ஒருத்தி சீத்தாமரத்தடியில் நிற்க வேண்டும், அவள் காவல்காரி. மற்றவர்கள் வரிசையாக வர வேண்டும். முறை வந்ததும் கையிரண்டையும் தூக்க வேண்டும். காவல்காரி இடுப்பைத் தட்டிப் பார்ப்பாள். பிறகு செருப்பைக் கழற்றித் தரையில் தட்ட வேண்டும். தலைமுடியை விரல்விட்டு உதற வேண்டும். கடைசியில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, 'ஆ' என்று காட்ட வேண்டும். யாராவது ஒருத்தி எங்கேயோ ஒரு கூழாங்கல்லை ஒளித்துவைத்திருப்பாள். கண்டுபிடித்தால் அவள் அவுட். கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு என்பதால் எங்களுக்கு உயிர். அந்தப் பெண் காவல்காரியாக இருந்தால் யாராலும் தப்ப முடியாது. கன்னத்தின் உள்பக்கம் கல் இருந்தால் 'ஆ' சொல்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "எங்க லைன்ல எல்லாரும் ஆடுவாங்க" என்றாள்.

ஜூனில் அவளும் நானும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு என்று முடிவாகியிருந்தது. அந்தப் பள்ளியில் சுற்றுவட்டத் தெருப் பிள்ளைகளுக்குத்தான் இடம். அந்த இடத்துக்காகத்தான் பீன்யாவில் வேலையை வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒழுகுகிற மூலை வீட்டைப் பிடித்திருந்தார்கள். இதை அந்த அம்மா குழாயடியில் எல்லாரிடமும் சொன்னார். "எங்க தலைமுறையில இதுதான் மொதல்ல இங்கிலீஷ் மீடியம் அக்கா." அதைக்கூட யாரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

நம்பாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அந்த மனிதர் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் ஓனரின் நாற்காலி முன்னால் ஒரு நொடி நிற்பார். டிபன் பாக்ஸைத் திறந்து கவிழ்த்துக் காட்டுவார். இடது கை தானாகச் சட்டைப்பையை வெளியே இழுக்கும். பிறகு மூடிக்கொண்டு போய்விடுவார். முகத்தில் ஒன்றும் இருக்காது, நாம் கோயில் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி. முதலில் ஓனர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். தன்னை வாட்ச்மேன் ஆக்குகிறான் என்று. பிறகு யோசித்து வேறு முடிவுக்கு வந்தார்.

"எவன் மேன் கேக்காமலே பையைக் காட்டுவான்? திருடன்தான் காட்டுவான். ஒரு நாள் நிஜமா இருக்கும்போது நான் பாக்கமாட்டேன்ல, அதுக்கு டிரெயினிங் குடுக்கறான் எனக்கு."

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதைதான்" என்றாள் அம்மா.

ஓனரிடம் ஆறு வெள்ளி ஸ்பூன்கள் இருந்தன. சின்னவை, புட்டிங் சாப்பிடுகிறவை. காம்பில் ஏதோ ஒரு ரெஜிமெண்டின் முத்திரை, கொம்பு வைத்த ஒரு மிருகம். ஆபீசர் ஒருவர் லண்டனுக்குத் திரும்பும்போது கொடுத்தது என்பார். இன்னொரு நாள் அதே ஸ்பூன்களை ஒரு கர்னலின் மனைவி கொடுத்ததாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அவற்றைப் புளிபோட்டு விளக்கி, வெள்ளைத் துணியில் வரிசையாகக் காயவைப்பார். அந்த வேலைக்கும் கோட்டைக் கழற்றமாட்டார். வெயில் பட்டு அவை மின்னுகிறபோது நாங்கள் கிட்டே போய்க் குனிந்து, அதில் எங்கள் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்ப்போம். தொடக்கூடாது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, துணியில் ஐந்துதான் இருந்தன.

ஓனர் கத்தவில்லை. கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அப்போது பார்த்து மூலை வீட்டுக்காரர் பால் தூக்கோடு வந்தார், பின்னாலேயே அந்தப் பெண்.

"எங்க மேன் போறே?"

"பால் வாங்க சார்."

"என் ஸ்பூன் ஒண்ணு காணோம்."

அவ்வளவுதான் சொன்னார். எடுத்தாயா என்று கேட்கவில்லை. அந்த மனிதர் பால் தூக்கைத் திறந்து கவிழ்த்தார். சட்டைப்பையை இழுத்துக் காட்டினார். சட்டையைக் கழற்றி உதறினார். வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறிக் கட்டினார். செருப்பைக் கழற்றித் தரையில் ஒன்றோடொன்று தட்டினார். தலைமுடிக்குள் விரல்விட்டு உதறினார். கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்று, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினார்.

பக்கத்தில் அந்தப் பெண்ணும் கையைத் தூக்கிக்கொண்டு 'ஆ' என்று நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் விளையாட்டு அல்லவா! பிறகு அந்த அம்மா வீட்டு வாசலில் நின்றபடி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க மேன் கத்துக்கினே இதெல்லாம்?" என்று ஓனர் கேட்டார். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. அவர் பயந்துபோனதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த மனிதர் கையை இறக்கினார். "கோல்ட் ஃபீல்டு சார். தங்கவயலு. நான் பொறந்தது, வேலை பண்ணது எல்லாம் அங்கதான். எங்க அப்பா ஊரு வேலூர் பக்கம், அது பொய் இல்ல சார். மைன்ல ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா, கேட்டுல இப்டித்தான் காட்டணும். காட்டிட்டா நல்லது சார். காட்டிட்டவன் மேல அப்புறம் பேச்சு வராது."

"அப்ப எதுக்கு ஊரை மறைச்சே?"

பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. "எங்க கேட்டாலும் கோலார்னு சொன்னதும் வூடு இல்லன்னுட்டாங்க சார். பல்லுக்குள்ள தங்கம் வச்சிருப்பாங்கன்னு கிண்டல் பண்றாங்க. வேற இன்னா பண்றது?"

அந்த ஒரு பேச்சில் டிம்பர், லைன், லேம்ப், பிளாஸ்ட் எல்லாவற்றுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. சுரங்கத்தில் மண் சரியாமல் முட்டுக் கொடுக்கிற மரம் டிம்பர். அதில் கழித்துப்போட்ட துண்டுகள்தான் அவர்கள் அடுப்புக்கு வரும். வரிசையாகக் கட்டிய தொழிலாளி வீடுகள் லைன். சுரங்கத்துக்குள் இறங்கும்போது கொண்டுபோகிற விளக்கு லேம்ப். பூமிக்குள் பாறை வெடித்தால் அது பிளாஸ்ட், சைரன் அலறும், பெண்கள் எல்லாரும் கேட்டுக்கு ஓடுவார்கள். இவ்வளவும் புரிந்த பிறகு, நியாயமாக ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லியிருக்க வேண்டும்.

"அதானே பாத்தேன்" என்றார் எதிர்வீட்டு அக்கா. "தங்கத்தையே தேடித்தேடிக் கை பழகினவங்க."

"எங்க ஒளிக்கலாம்னு தெரிஞ்சவனுக்குத்தான் எங்க தேடணும்னும் தெரியும்" என்றார் ஓனர். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு மேன்."

"ஜூன்ல பாப்பாவுக்கு ஸ்கூலு சார். அது சேர்ற வரைக்குமாவது உடுங்க."

ஓனர் மீதமிருந்த ஐந்து ஸ்பூன்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

அந்த மாதக் கடைசி எப்படிப் போனது என்று எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. சீத்தாப்பழம் பிஞ்சு விட்டிருந்தது. குழாயடியில் அந்த அம்மா வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். நானும் அந்தப் பெண்ணும் மரத்துக்குப் பின்னால் கல்லாட்டம் ஆடினோம், 'கேட்' ஆடவில்லை. அவளாக வேண்டாம் என்றாள். ஒரு மத்தியானம் நான் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு ஓடினால் கதவு உள்ளே சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா அந்தப் புழுக்கத்தில் ஓனரின் கோட்டை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ கல்யாணம், பொத்தான் ஆடுகிறது, லைனிங் பிரிந்திருக்கிறது என்று கொடுத்திருந்தார். நான் கதவைத் தட்டியதும் அம்மா திடுக்கிட்டு விரலில் குத்திக்கொண்டாள். "போய் வெளையாடு" என்று கத்தினாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்பா கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

அவர்கள் போன அன்று ஒரு கைவண்டி வந்தது. இரண்டு பாய், ஒரு ட்ரங்குப் பெட்டி, பாத்திரச் சாக்கு, தைல டப்பாவில் வைத்த ஒரு துளசி. கேட்டில் ஓனர் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் வண்டியை நிறுத்தினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே பாயை விரித்தார். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். சாக்கிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துத் திரும்பப் போட்டார். துளசி டப்பாவைக்கூடச் சாய்த்துக் காட்டினார், கொஞ்சம் மண் சிந்தியது. ஓனர் வேறு பக்கம் பார்த்திருக்கலாம். எழுந்து வந்து, கோட்டுப் பொத்தான்களைத் தடவியபடி, குனிந்து பார்த்தார்.

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். என்னை நேராகப் பார்த்து, கையிரண்டையும் தூக்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினாள். விளையாட்டுக்குத்தான் செய்தாளா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

இவ்வளவு நாள் கழித்து இதை ஏன் எடுத்தேன் என்கிறீர்களா? போன மாதம் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் வெளியே போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். யாரோ ஒருத்தர் வீட்டில் எதுவோ காணாமல் போயிருந்ததாம். குழுவில் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். நாங்கள் இருப்பது விவேக் நகர் பக்கம். மூன்றாம் மாடி பால்கனியில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். சாயங்காலங்களில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டம் வந்த அன்று எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண் கீழே போய்ப் பையை விரித்துக் காட்டினாள். மேலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, பின்னால் நின்ற என்னிடம், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்:

"அந்த ஸ்பூன் கோட்டுலதான் இருந்துச்சு."

எந்த ஸ்பூன் என்று நான் கேட்கவில்லை.

"பொத்தான் தைக்கலாம்னு எடுத்தேன். கீழ கனமா இருந்துச்சு. என்னன்னு பாத்தா, லைனிங்குள்ள ஒரு பை. நீட்டமா, குறுகலா, ரெண்டு வெரல் அகலம்தான். வெளிய தெரியாத மாதிரி தச்சிருக்கு. பழைய தையல். அந்தப் பை அடியில கிழிஞ்சு, ஸ்பூன் நழுவி ஓரத்துல கெடந்துச்சு. அப்படி ஒரு பை கோட்டுக்குள்ள எதுக்கு? நீயே சொல்லு."

பாம்பின் கால் பாம்பறியும். மெஸ்ஸில் மேஜை துடைக்கிறபோதெல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பைக்குள் இறக்கிப் பழகின கை, அந்த ஞாயிற்றுக்கிழமையும் தன்னையறியாமல் ஒன்றை இறக்கியிருக்கிறது. தன்னைப் போல் பிறரையும் எண்ணு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, ஓனர் அதைத்தான் செய்தார்.

"அவங்க போறதுக்கு முன்னாடிதானே கோட்டு தச்சே? நான் பாத்தேனே."

"முன்னாடிதான்."

"ஏம்மா சொல்லல?"

"எப்டிச் சொல்றது? ஸ்பூன் இருக்குன்னு சொன்னா பையைப் பாத்தேன்னுதான் அர்த்தம். அப்புறம் நம்மள அந்த ஆளு அங்க விட்டுவைப்பானா? உனக்கும் அதே ஸ்கூல்லதான் சீட்டு." மறுபடி கீழே கேட்டைப் பார்த்தாள். "டிம்பர்னு கேட்டத மொதல்ல ஓனர்கிட்டப் போய் சொன்னவளே நான்தான். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"ஸ்பூனை என்ன பண்ணே?"

"உள்ளயே வச்சுத் தச்சுட்டேன்."

ஓனர் செத்தபோது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். சவப்பெட்டியில் அந்தக் கோட்டோடுதான் படுக்கவைத்தார்கள், அவர் ஆசைப்படி. அம்மா அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுததைப் பார்த்து, இவ்வளவு பாசமா என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

எனக்கு அம்மாவின்மேல் கோபம் வந்தது. மூலை வீட்டுப் பெண்ணின் இடத்தை எடுத்துத்தான் என் இடத்தைக் காப்பாற்றினாள் என்று நினைத்தபோது, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய சைட்டை விற்று இந்த அபார்ட்மெண்டை வாங்கினேன்.

மறுநாள் வேலை முடிந்து எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் கிளம்பினாள். எங்கள் வீட்டு வாசலிலேயே பையைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "எதுக்கும்மா?" என்றேன். "காட்டிட்டா நல்லதுக்கா" என்றாள். பால்கனியில் அம்மா தலையைத் திருப்பினாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கீழே இறங்கினேன். கேட்டில் இருப்பவர் நாற்பது வயதுக்காரர், தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவர். அவள் பையை விரித்தாள். அவர் உள்ளே கைவிட்டுப் பார்த்தார், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு. அடுத்து நான் என் கைப்பையைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நீங்க இன்னாத்துக்கு மேடம்?" என்று சிரித்தார். "ஓனருங்களுக்கு செக்கிங் கெடையாது."

கரண்டுக்கு நாலு பேர் வைத்திருக்கும் எங்கள் அபார்ட்மெண்டில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஊர்ச் சண்டை இல்லை. டில்லிக்காரர், கொல்கத்தாக்காரம்மா, நான், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.

"பாருங்க" என்றேன்.

"பரவால்ல மேடம்."

நான் பையைத் திறந்தபடியே நின்றேன். அவர் உள்ளே பார்க்கவே இல்லை.